தூக்குக்குண்டும் ஒரு செல்போனும்: பக்கவாதம் வந்தவரின் நிமிர்வை வீட்டிலேயே அளக்கும் முறை

பக்கவாதம் வந்தவரைத் திண்ணையில் உட்கார வைத்தால், "ஒரு பக்கமாச் சாயுறாரு" என்று பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சொல்லிவிடுவார். எவ்வளவு சாய்கிறார், சாய்வு இடுப்பில் தொடங்குகிறதா விலாவிலா, போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறதா என்று கேட்டால்தான் யாரிடமும் பதில் இருக்காது. பயிற்சியை மாற்றலாமா, அதையே தொடரலாமா என்று முடிவு செய்ய இயன்முறை மருத்துவருக்கு வேண்டியது அந்தப் பதில்தான். ஒரு சாதாரண செல்போனை வைத்து அதைப் பெற முடியும். பல ஆயிரம் ரூபாய் கேமரா வேண்டியதில்லை. கேமராவின் விலையைவிட அது நிற்கும் இடமே அளவைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே தூரம், அதே உயரம், அதே இருக்கை என்று இருந்தால் பழைய போனும் நம்பத்தக்க அளவைத் தரும். அவை மாறினால் எவ்வளவு விலை உயர்ந்த கேமராவும் ஏமாற்றும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார். ஆனாலும் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று நீளும் கரையில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வருகைக்கும் நடுவில் நாட்கள் ஓடிவிடும். அந்த இடைவெளியில் குடும்பத்தாரோ தன்னார்வலரோ முறையாக எடுத்து வைத்த நான்கு படங்கள் இருந்தால், வருகிற மருத்துவரின் பாதி வேலை முடிந்திருக்கும். இந்தக் கரையின் வீடுகளையும் காற்றையும் வெளிச்சத்தையும் மனதில் வைத்தே முறையைச் சொல்கிறோம்.

யாரை எடுக்கலாம், யாரை எடுக்கக் கூடாது

நிற்க முடியாத யாரையும் படத்துக்காக நிற்க வைக்காதீர்கள். பிடிமானம் இல்லாமல் 30 விநாடி உட்கார முடியாதவரை நிற்க வைத்து எடுக்கவே கூடாது. அவருக்கு உட்கார்ந்த படம் மட்டும் போதும். படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றுகிறவரைச் சில நிமிடம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ஒருவர் படம் எடுக்க, இன்னொருவர் நோயாளியின் பாதித்த பக்கத்தில் ஒரு கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். நிற்கும் படம் என்றால் பின்னால் ஒரு கனமான நாற்காலி இருக்கட்டும். விழப்போகிறவரைப் பிடிக்கும்போது பாதித்த கையைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். தசை தளர்ந்த தோள் மூட்டு இறங்கியிருக்கும், இழுத்தால் இன்னும் கெடும். இடுப்பில் அகலமான துணி பெல்ட் ஒன்றைக் கட்டி அதைப் பிடிப்பதுதான் பாதுகாப்பு.

நேற்றுவரை நேராக உட்கார்ந்தவர் இன்று திடீரென்று சாய்ந்தால், பேச்சு குழறினால், வாய் கோணினால், புதிதாக ஒரு கை கால் தளர்ந்தால் கேமராவை எடுக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை பக்கவாதம் தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அந்தக் கணக்கு நீங்கள் சொல்லும் நேரத்திலிருந்துதான் ஓடும்.

வேண்டிய சாமான்

பின்பக்கக் கேமரா ஒழுங்காக வேலை செய்யும் செல்போன் ஒன்று. அதை நிறுத்த ஒரு ஸ்டாண்டு. இல்லையென்றால் மரப்பெட்டி மேல் செங்கல் அடுக்கி ரப்பர் பேண்டால் கட்டினாலும் போதும், கையில் மட்டும் பிடிக்க வேண்டாம். 5 மீட்டர் அளவு டேப், சாக்பீஸ், சிலேட்டு, 60 செ.மீ. சதுர பிளைவுட் பலகை இரண்டு, கெட்டியான மர முக்காலி, ஒரு மீட்டர் அளவுகோல்.

இவற்றோடு, எல்லாவற்றிலும் முக்கியமாக, ஒரு தூக்குக்குண்டு. கொத்தனார் வைத்திருப்பது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கடற்கரையில் இதற்குப் பஞ்சமே இல்லை: இரண்டு மீட்டர் தங்கூசி நரம்பும் (மீன்பிடிக்கும் நைலான் இழை) ஒரு ஈயக்குண்டும் போதும். நரம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் படத்தில் தெரியாது. அதன்மேல் 20 செ.மீ.க்கு ஒரு இடத்தில் சிவப்பு நூல் சுற்றிவிடுங்கள், அல்லது பளிச்சென்ற நிறத்தில் பின்னிய நூலையே பயன்படுத்துங்கள்.

போன் சற்றுக் கோணலாக நின்றாலும் தூக்குக்குண்டின் நூல் பொய் சொல்லாது. படத்தில் நூல் ஒன்றரை டிகிரி சாய்ந்து தெரிந்தால் சாய்ந்திருப்பது போன்தான், அந்த ஒன்றரையை எல்லா அளவிலும் கழித்துக்கொள்ளலாம். சுவரையோ கதவு நிலையையோ நம்பி அளக்காதீர்கள். உப்புக் காற்றில் இறங்கிய பழைய நிலைகளில் நேராக நிற்பவை குறைவு.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திண்ணையில் குண்டு ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு வாளித் தண்ணீரில் குண்டு முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள், குண்டு வாளியின் அடியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டம் சில விநாடிகளில் அடங்கிவிடும். ஸ்டாண்டின் காலிலும் மணல் நிரப்பிய பையைக் கட்டுங்கள்.

இருக்கையும் தரையும்

அளவு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். நார்க்கட்டில், வயர் நாற்காலி, மெத்தை எல்லாம் நடுவில் குழியும். குழிந்த இடத்தில் இடுப்பு கனம் அதிகமான பக்கம் இறங்கி, இல்லாத சாய்வைக் காட்டும். பிளாஸ்டிக் நாற்காலியின் கால் மணலில் புதையும், வெயிலில் வளையவும் செய்யும். கெட்டியான மர முக்காலிதான் சரி. உயரம், முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை உள்ள அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும், பலருக்கு அது 40 முதல் 45 செ.மீ.க்குள் வரும். இருக்கை உயரமாக இருந்தால் கால் தொங்கும், தாழ்வாக இருந்தால் இடுப்பு பின்னால் உருண்டு முதுகு கூனும்.

மணல் தரையிலும் சாணி மெழுகிய தரையிலும் முக்காலிக்கு அடியில் ஒரு பலகை, பாதத்துக்கு அடியில் ஒரு பலகை போடுங்கள். முக்காலியின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள், அது இல்லையென்றால் தட்டையான தாம்பாளத்தில் சிறிது தண்ணீர் ஊற்றினாலே போதும். 40 செ.மீ. அகல இருக்கை ஒரு பக்கம் 1 செ.மீ. இறங்கினால் நோயாளியைத் தொடாமலே கிட்டத்தட்ட 1.4 டிகிரி சாய்வு வந்துவிடும்.

கேமராவை எங்கே நிறுத்துவது

நோயாளியின் நடுவிலிருந்து சரியாக 3 மீட்டரில் வையுங்கள். கிட்டே வரும்போது, முன்னால் துருத்தும் பாகம் பெரிதாகத் தெரியும். பாதித்த தோள் 15 செ.மீ. முன்னால் வந்திருக்கிறது என்று வையுங்கள். 1.5 மீட்டரிலிருந்து எடுத்த படத்தில் அந்தத் தோள் 11 சதவீதம் பெரிதாகத் தெரியும், 3 மீட்டரிலிருந்து எடுத்தால் 5 சதவீதம்தான். ஜூம் செய்வது இதைச் சரிசெய்யாது. தூரம் மாறினால்தான் கோணம் மாறும். 3 மீட்டர் இல்லாத சின்ன வீடு என்றால் முற்றத்துக்கோ திண்ணைக்கோ வாருங்கள். வேறு வழியே இல்லாமல் 2 மீட்டரில் எடுத்தால் அடுத்தடுத்த முறையும் அதே 2 மீட்டரில்தான் எடுக்க வேண்டும்.

போன் நோயாளிக்கு நேர் எதிரே நிற்கிறதா என்பதைக் கண்மதிப்பில் விடாதீர்கள். முக்காலியின் நடுவுக்கு நேராகத் தரையில் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து இரு பக்கமும் 50 செ.மீ. தள்ளி இரண்டு புள்ளிகள். போன் ஸ்டாண்டின் அடியிலிருந்து அந்த இரண்டு பக்கப் புள்ளிக்கும் டேப் பிடித்தால் இரண்டும் 304 செ.மீ. வர வேண்டும். ஒன்று 300, மற்றது 308 என்று வந்தால் போன் ஒதுங்கி நிற்கிறது. கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பது போன்ற வேலைதான் இது. ஒரு தடவை சரியாக வந்ததும் ஸ்டாண்டின் கால் படும் இடத்தில் பெயிண்டால் குறி வைத்துவிடுங்கள்.

கேமராக் கண்ணின் உயரம், உட்கார்ந்த படத்துக்குத் தரையிலிருந்து 75 செ.மீ., நின்ற படத்துக்கு 95 செ.மீ. அதாவது அளக்கப்போகும் உடலின் நடு உயரம். தாழ வைத்து அண்ணாந்து எடுத்தால் மேல் உடல் குறுகும், உயர வைத்துக் குனிந்து எடுத்தால் கால் குறுகும். போனை முன்னும் பின்னும் சாய்க்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு தூக்குக்குண்டு தொங்கவிட்டு ஒரு படம் எடுங்கள். இரண்டு நூலும் படத்தில் இணையாக இருந்தால் போன் நிமிர்ந்து நிற்கிறது. மேலே நெருங்கினால் அண்ணாந்திருக்கிறது, கீழே நெருங்கினால் குனிந்திருக்கிறது.

போனுக்குள் செய்ய வேண்டியவை: கட்டக் கோடுகளைப் போடுங்கள். 1 எக்ஸ் லென்ஸிலேயே எடுங்கள், 0.5 எக்ஸ் ஓரங்களை வளைத்துவிடும். அழகுபடுத்தும் வசதி, பின்னணி மங்கும் வசதி, வீடியோ அதிர்வைக் குறைக்கும் வசதி மூன்றையும் அணைத்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னது படத்தின் ஓரத்தை வெட்டி நகர்த்திக்கொண்டே இருக்கும், ஸ்டாண்டில் நிற்கும் போனுக்கு அது தேவையும் இல்லை. செல்ஃபி கேமராவைத் தொடவே வேண்டாம், பல போன்களில் அது இடம் வலம் மாற்றிவிடும். எது பாதித்த பக்கம் என்றே குழம்பிய பதிவுகள் இதனால்தான் வருகின்றன.

வெளிச்சம் இந்தக் கரையின் தனிப் பிரச்சினை. கடலைப் பார்த்த வாசலில் நோயாளியை உட்கார வைத்து வீட்டுக்குள்ளிருந்து எடுத்தால் அவர் கறுப்பு நிழலாகத்தான் தெரிவார். வெளிச்சம் போனுக்குப் பின்னாலிருந்து நோயாளியின் மேல் விழ வேண்டும். காலை 9 மணிக்கு முன், மாலை 4 மணிக்குப் பின் என்றால் வெயிலும் தாங்கும், போனும் சூடாகி நின்றுபோகாது. லென்ஸ் மேல் படியும் உப்பைச் சட்டை நுனியால் உலரத் தேய்க்காதீர்கள், கீறல் விழும். நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த பஞ்சால் ஒற்றியெடுத்து, பிறகு மெல்லிய துணியால் துடையுங்கள்.

உடையும் குறிகளும்

புடவை, நைட்டி, லுங்கி மூன்றும் எலும்பை மறைக்கும். ஆண்கள் அரைக்கால் சட்டையோடு உட்காரலாம், அல்லது லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொள்ளலாம். பெண்களுக்கு உடம்போடு ஒட்டிய பனியனும் லெக்கின்ஸும் போதும். வெளியாள் முன்னால் அது வேண்டாம் என்றால் வீட்டுப் பெண்களே எடுக்கட்டும், துப்பட்டாவும் தலைத்துணியும் இருக்கலாம், முகமே படத்தில் வர வேண்டியதில்லை. இதில் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கூச்சத்தோடு உட்காருபவர் தோளைக் குறுக்கிக்கொள்வார், அந்த அளவு அவருடைய நிமிர்வைச் சொல்லாது. துணி மேலேயே குறி வைக்க வேண்டியிருந்தால் இடுப்பிலும் தொடையிலும் நாடாவால் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வையுங்கள்.

குறிக்கு ஸ்டிக்கர் பொட்டுதான் மிகவும் வசதி. கறுத்த தோலில் வெள்ளைப் பொட்டு, துணியில் துணி நிறத்துக்கு எதிரான நிறம். அளவு 1 செ.மீ. போதும். இந்தப் புழுக்கத்தில் வேர்வையில் பொட்டு வழுக்கும். முதலில் ஈரம் துடைத்துவிட்டு காயக்கட்டுக்கு ஒட்டும் மைக்ரோபோர் டேப்பில் சின்னத் துண்டு ஒட்டி, அதன்மேல் பொட்டு வையுங்கள்.

முன்னாலிருந்து எடுக்கும் படத்துக்கு: இரண்டு கழுத்தெலும்புக்கும் நடுவிலுள்ள குழி, இரண்டு தோளின் முனை எலும்பு, இடுப்பின் முன்புறம் இரு பக்கமும் துருத்தும் எலும்பு முனை, முழங்கால் சில்லின் நடு. பக்கவாட்டுப் படத்துக்கு: காதுத் துவாரத்துக்கு முன்னுள்ள குருத்தெலும்பு மேடு, தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் முள்ளெலும்பு, தோள் முனை, தொடை எலும்பின் வெளிமேடு, முழங்காலின் வெளிப்பக்கம், வெளிக்கணுக்கால். முதுகுப் படத்துக்குக் கழுத்தடி எலும்பும் தோள்பட்டைகளின் கீழ்முனையும் போதும்.

இடுப்பெலும்பு முனையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். இரண்டு முனைக்கும் நடுவே சுமார் 24 செ.மீ. இருக்கும்போது ஒரு பொட்டு 1 செ.மீ. மேலே போனால் 2.4 டிகிரி பொய்ச் சாய்வு வந்துவிடும். தோளில் அகலம் அதிகம், எலும்பும் வெளியே தெரியும், பிழை குறையும். அதனால் தோள் அளவை நம்புங்கள். இடுப்பு அளவில் 3 டிகிரிக்குக் குறைவான வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதீர்கள். எல்லா முறையும் ஒரே ஆள் தடவிப் பார்த்து ஒட்டுவது அவசியம்.

எடுக்கும் வரிசை

சிலேட்டில் தேதி, நேரம், நோயாளியின் குறி எண், பாதித்த பக்கம் ஆகியவற்றை எழுதி முதல் படமாக எடுங்கள். கைத்தூளி போட்டிருக்கிறாரா, காலில் சப்போர்ட் இருக்கிறதா, செருப்பா வெறுங்காலா என்பதையும் எழுதுங்கள். வெறுங்காலில் எடுப்பதே நல்லது.

நோயாளியை முக்காலியில் உட்கார வையுங்கள். பாதம் முழுதும் பலகையில் படட்டும், இரண்டு பாதத்துக்கும் தோளகல இடைவெளி, கை தொடை மேல். தூக்குக்குண்டின் நூல் உடலின் அதே ஆழத்தில், பக்கத்தில் தொங்க வேண்டும். மீட்டர் அளவுகோலும் அதே ஆழத்தில்தான் நிற்க வேண்டும். 30 செ.மீ. பின்னாலுள்ள சுவரில் சாய்த்து வைத்தால் அது 9 சதவீதம் சிறிதாகத் தெரியும், அதை வைத்துக் கணக்கிடும் எல்லா சென்டிமீட்டரும் தப்பாகும்.

"நேரா உட்காருங்க" என்று முதலில் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னதும் யாராக இருந்தாலும் மூச்சைப் பிடித்து நிமிர்ந்துவிடுவார். "எப்பவும் உட்கார்ற மாதிரி உட்காருங்கப்பா" என்று சொல்லி 30 விநாடி விட்டுவிடுங்கள், வீடியோ ஓடட்டும். அதன்பிறகு "முடிஞ்ச அளவு நிமிருங்க" என்று சொல்லி இன்னொரு 10 விநாடி. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிய செய்தி. சொன்னால் நிமிர முடிகிறது, விட்டால் சாய்கிறார் என்றால் தசையில் வலு இருக்கிறது, கவனமும் உணர்வும்தான் குறைகின்றன. சொன்னாலும் நிமிர முடியவில்லை என்றால் வலுவோ மூட்டின் இறுக்கமோ காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் பயிற்சி வேறு.

பேசுகிறவர் போனுக்கு நேர் பின்னால் நின்றே பேசட்டும். மூளையின் வலப்பக்கம் பாதித்தவர்களில் பலர் இடப்பக்கத்தையே கவனிக்க மாட்டார்கள், தலை வலப்பக்கமே திரும்பியிருக்கும். அங்கிருந்து ஒரு பேரக்குழந்தை கூப்பிட்டால் மொத்த உடலும் திரும்பிவிடும். பேச்சு புரியாதவருக்கு நீங்களே எதிரில் உட்கார்ந்து செய்து காட்டுங்கள்.

உடல் திரும்புவதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், அது பக்கச் சாய்வு போலவே ஏமாற்றும். ஒருவர் 20 டிகிரி முன்னால் மட்டும் குனிந்திருக்கிறார், பக்கவாட்டில் சாயவே இல்லை என்று வையுங்கள். அவர் கேமராவிலிருந்து 30 டிகிரி திரும்பி உட்கார்ந்தால் படத்தில் சுமார் 10 டிகிரி பக்கச் சாய்வு தெரியும். பாதங்கள் கேமராவை நேராகப் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் பலகையில் பாத வடிவத்தை சாக்பீஸால் வரைந்து வைக்கச் சொல்கிறோம்.

முன்பக்கம் முடிந்ததும் போனை நகர்த்தாமல் முக்காலியைத் திருப்புங்கள். பாதித்த பக்கம், முதுகு, நல்ல பக்கம் என்று வரிசையாக எடுங்கள். நிற்க முடிந்தவருக்கு இதே வரிசையை நின்றபடி, ஒவ்வொன்றும் 10 விநாடி போதும். உட்கார்ந்து எழுவதையும் மூன்று முறை முன்னாலிருந்து எடுத்துவையுங்கள். போனில் இருந்தால் அதற்கு விநாடிக்கு 60 படம் என்ற அமைப்பை வையுங்கள். எந்தக் காலைப் பின்னிழுக்கிறார், எழும்போது உடல் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்பது மெதுவாக ஓட்டினால் தெளிவாகத் தெரியும்.

எல்லாவற்றையும் மூன்று தடவை எடுக்க வேண்டும். நடுவில் ஒவ்வொரு தடவையும் நோயாளியைச் சாய்ந்து ஓய்வெடுக்க வைத்து மறுபடி உட்கார வையுங்கள். களைப்பு தெரிந்தால் அன்று நிறுத்திவிடுங்கள்.

அளப்பது

கணினி இருந்தால் கினோவியா என்ற இலவச மென்பொருளில் படத்தின் மேலேயே கோணம் வரையலாம். போன் மட்டும்தான் என்றால் படத்தைப் பெரிதாக்கி, பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸிலுள்ள பாகைமானியைத் திரைமேல் வைத்தே அளக்கலாம். தூக்குக்குண்டு நூல்தான் 90 டிகிரிக் கோடு.

இன்னொரு எளிய வழி உண்டு. உயர வித்தியாசத்தை அகலத்தால் வகுத்து 57-ஆல் பெருக்குங்கள், டிகிரி வந்துவிடும். இரண்டு தோள் பொட்டுக்கும் நடுவே 34 செ.மீ., ஒன்று மற்றதைவிட 3 செ.மீ. கீழே என்றால் 3-ஐ 34-ஆல் வகுத்து 57-ஆல் பெருக்க, 5 டிகிரி. உடல் சாய்வுக்கு, இடுப்பு முனைகளின் நடுப்புள்ளியிலிருந்து கழுத்துக் குழிவரை ஒரு கோடு. கழுத்துக் குழி 5 செ.மீ. ஒதுங்கியிருக்கிறது, உயரம் 45 செ.மீ. என்றால் 6.3 டிகிரி. சாய்வு 20 டிகிரிக்குள் இருக்கும்வரை இந்தக் கணக்கு போதுமான அளவு சரியாக வரும், அதற்கு மேல் பாகைமானியே மேல்.

நின்ற பக்கவாட்டுப் படத்தில் நூலை வெளிக்கணுக்காலுக்குச் சற்று முன்னால் வரும்படி வைத்துப் பார்த்தால், நிமிர்ந்து நிற்பவருக்கு அது முழங்கால் மூட்டின் நடுவுக்குச் சற்று முன்னாலும், தொடை மேட்டின் வழியாகவும், தோள் முனை வழியாகவும், காது வழியாகவும் போகும். பக்கவாதம் வந்தவருக்கு எங்கே உடைகிறது என்று கவனியுங்கள். முழங்கால் நூலுக்குப் பின்னால் போய் வளைந்திருந்தால் மூட்டு பின்னோக்கி மடங்குகிறது, அதைத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குதிகால் தரையில் படாமல் தூக்கியிருந்தால் கெண்டைக்கால் தசையின் இறுக்கம். உட்கார்ந்த பக்கவாட்டில், கழுத்தடி எலும்பிலிருந்து காது மேட்டுக்குப் போகும் கோடு கிடைக்கோட்டோடு செய்யும் கோணம் சாதாரணமாக 50 டிகிரியை ஒட்டியிருக்கும். அது குறையக் குறையத் தலை முன்னால் நீள்கிறது என்று பொருள்.

மூன்று அளவையும் எழுதுங்கள், சராசரியை மட்டும் எழுதாதீர்கள். இன்று 7, 9, 6 டிகிரி வந்தது. மூன்று வாரம் கழித்து 5, 6, 6 வந்தது என்று வையுங்கள். சராசரி குறைந்ததுபோல இருக்கும். ஆனால் முதல் நாளின் மூன்று அளவுக்குள்ளேயே 3 டிகிரி ஏற்ற இறக்கம் இருந்திருக்கிறது. இதை முன்னேற்றம் என்று நோயாளியிடம் சொல்ல இன்னும் ஒரு முறை பொறுத்திருங்கள். நம்பிக்கையோடு காத்திருக்கிற குடும்பத்திடம் அவசரப்பட்டுச் சொன்ன எண்ணைத் திரும்பப் பெறுவது கொடுமை.

தள்ளுகிறவரைக் கண்டுபிடிப்பது

பக்கவாதம் வந்த சிலர் வலுவில்லாமல் சாய்வதில்லை. நல்ல கையாலும் நல்ல காலாலும் தன்னைத் தானே பாதித்த பக்கத்துக்குத் தள்ளுவார்கள். நாம் நிமிர்த்தப் போனால் எதிர்த்துத் தள்ளுவார்கள். பிடிவாதம் என்று வீட்டில் கோபப்படுவார்கள், பாவம், அவர் வேண்டுமென்று செய்வதில்லை. உடல் நேராக இருப்பதை உணரும் மூளைக் கணக்கு கோணலாகியிருக்கிறது. இப்படிப்பட்டவர்களைக் கண்ணைக் கட்டிச் சாய்த்துப் பார்த்த ஆய்வில், மூளை பாதித்த பக்கமாக, அதாவது உடலின் நல்ல பக்கமாக, ஏறத்தாழ 18 டிகிரி சாய்ந்திருக்கும்போதுதான் நேராக இருப்பதாக உணர்ந்தார்கள். ஆனால் கண்ணால் பார்க்கும்போது எது செங்குத்து என்று அவர்களுக்குச் சரியாகவே தெரிகிறது.

வீடியோவில் இதைப் பிரித்தறியலாம். முதலில் கை தொடைமேல் இருக்கும்படி 20 விநாடி எடுங்கள். பிறகு நல்ல கையை முக்காலியின் மேல் ஊன்றவிட்டு 20 விநாடி. ஊன்றியதும் சாய்வு குறைந்தால் அது வெறும் வலுக்குறைவு. ஊன்றியதும் முழங்கை விறைத்து நீண்டு, சாய்வு கூடினால் தள்ளுகிறார். நல்ல கால் பலகையை உதைத்து விலகுகிறதா என்றும் பாருங்கள். அந்த நேரத்தில் துணைக்கு நிற்பவர் பாதித்த பக்கத்தைவிட்டு நகரவே கூடாது.

அளக்கும்போது தூக்குக்குண்டு நோயாளியின் கண்ணில் படாதபடி, உடலின் அதே ஆழத்திலேயே பக்கவாட்டில் சற்று ஒதுங்கியிருக்கட்டும், கண்ணால் பார்த்தால் அதற்கேற்ப நிமிர்ந்துவிடுவார். அளந்து முடிந்ததும் அதே நூலை அவர் கண்ணுக்கு எதிரே தொங்கவிட்டு, "இந்த நூலுக்கு நேரா வாங்க" என்று சொல்வது நல்ல பயிற்சி. பெரும்பாலோருக்கு இந்தத் தள்ளுதல் சில மாதங்களில் வெகுவாகக் குறைகிறது.

கேமராவுக்குத் தெரியாதது

நேராக நிற்பவர்போலத் தெரிந்தாலும் முழு எடையும் நல்ல காலிலேயே இருக்கலாம். அது படத்தில் வராது. ஒரே மாதிரியான இரண்டு எடைக் கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பாதத்துக்கும் ஒன்றாக நிற்க வைத்து, இரண்டு எண்ணும் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். முதலில் 10 கிலோ அரிசி மூட்டையை இரண்டிலும் மாற்றி மாற்றி வைத்து ஒரே எண் காட்டுகின்றனவா என்று சரிபாருங்கள். 60 கிலோ உள்ளவர் பாதித்த காலில் 18 கிலோ மட்டும் போட்டால் அது 30 சதவீதம். கருவியின் விளிம்பு இடறும், கையருகே பிடிக்க ஒரு மேஜை இருக்கட்டும்.

நின்றபடி ஆடும் சிறு ஆட்டத்தையும் செல்போனில் நம்ப வேண்டாம். 3 மீட்டரில் சாதாரண வீடியோவின் ஒரு புள்ளி உடலில் சுமார் 2 மில்லிமீட்டர். 1 செ.மீ.க்குள் நடக்கும் அசைவைப் பற்றி அது சொல்வதெல்லாம் மதிப்பீடுதான்.

பொட்டே இல்லாமல் மூட்டுகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் செயலிகள் இப்போது நிறைய. அவற்றில் பலவற்றுக்கு அடியில் இருப்பது கூகுளின் மீடியாபைப். அது உடலில் 33 புள்ளிகளைக் குறிக்கும், ஆனால் அந்த 33-இல் முதுகெலும்பு ஒன்றுகூட இல்லை. இடுப்புப் புள்ளியும் எலும்பு முனையைத் தொட்டுப் பார்த்து வைத்ததல்ல, படத்தை வைத்து ஊகித்தது. லுங்கி, புடவை, கைத்தூளி இருந்தால் ஊகம் தடுமாறும். துணைக்கு நிற்பவரின் கையை நோயாளியின் கை என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆழத்தைக் காட்டும் எண் அளந்ததே அல்ல. எழுந்து உட்காரும் அசைவை விரைவாகப் பார்க்க இவற்றைப் பயன்படுத்துங்கள், 3 டிகிரி 4 டிகிரி என்று முடிவெடுக்க வேண்டாம். அதற்குப் பொட்டும் நூலும்தான்.

மருத்துவர்கள் பயன்படுத்தும் மதிப்பெண் முறைகளுக்கு இது மாற்றும் அல்ல. பக்கவாதத்துக்கென்றே உள்ள பாஸ் (PASS) என்ற அளவுகோலில் 12 செயல்களுக்கு 36 மதிப்பெண், பெர்க் சமநிலை அளவுகோலில் 14 செயல்களுக்கு 56. திரும்பிப் படுப்பது, எட்டிப் பிடிப்பது எல்லாம் அதில் வரும். நீங்கள் எடுத்த வீடியோ அந்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது.

அனுப்புவதும் வைத்திருப்பதும்

நோயாளியிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பேச முடியாதவராக இருந்தால் தலையசைவையாவது கேளுங்கள், அவர் சார்பாக வீட்டில் ஒருவர் சம்மதித்தால் மட்டும் போதாது. முகத்தை மறைத்தோ கழுத்துக்கு மேல் வெட்டியோ அனுப்பலாம். ஆனால் தலைச் சாய்வு அளக்க வேண்டிய படத்தில் காதும் தாடையும் இருக்கும்படி வெட்டுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், இல்லையென்றால் படம் சுருங்கிப் பொட்டே மங்கிவிடும்.

ஒவ்வொரு முறையும் அனுப்ப வேண்டியவை: சிலேட்டுப் படம், முன்பக்கம், பாதித்த பக்கம், முதுகு, எடைக் கருவிப் படம், கை ஊன்றிய வீடியோ. கூடவே மூன்று மூன்று அளவுகள், எடுத்த நேரம், அன்று மாத்திரை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், இரவு தூங்கினாரா என்ற இரண்டு வரி. தசை இறுக்கத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் காலை அளவும் மாலை அளவும் ஒன்றாக இருக்காது. முதல் முறை காலையில் எடுத்திருந்தால் அடுத்த முறையும் காலையில், அதே முக்காலியில், தரையில் பெயிண்டால் வைத்த அதே குறியில் ஸ்டாண்டை நிறுத்தித் தொடங்குங்கள்.